வல்லார்பாடத்து முற்றமும் எங்கள் ஆரஞ்சுப் பட்டையும்

சுக்குக் கிடங்கின் மேல்மாடியில் நடந்த ஞாயிறு பள்ளியில் என்னோடு உட்கார்ந்து தும்மியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மில் மட்டாஞ்சேரியில் மிச்சம் இருப்பது மூன்று பேர். மற்றவர்கள் நாகர்கோவில், பாளையங்கோட்டை, மகன் வீடு, மகள் வீடு என்று போய்விட்டீர்கள். போகும்போதெல்லாம், "தேதியெல்லாம் பிடித்து வைத்திருப்பவள் நீதான், சங்கத்து வரலாற்றை நீயே எழுது" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். எழுதிவிட்டேன். தலைவர்கள் பட்டியல், விதிகள், கூடம் வந்த கதை, போன கதை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த வரலாற்றுக்குள் அடங்காத ஒரு மழைக்காலம் மட்டும் கையில் மிஞ்சிவிட்டது. அது இது.

ஆண்டை எழுதவில்லை. இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனால்தான் ஓர் ஆண்டை எழுதுவது என் வழக்கம். இதில் என் பள்ளிச் சான்றிதழ் ஒன்று சொல்கிறது, சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்து அட்டை வேறொன்று சொல்கிறது. எழுபதுகளின் கடைசி, எனக்குப் பத்து வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழமைகள் மட்டும் உறுதியாகத் தெரியும். கிழமைகள்தான் இதில் முக்கியமும்.

நம் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் புரியட்டும் என்று தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்தும் தேயிலைக் கிடங்குக்கும் மிளகுக் கிடங்குக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்கு வந்த தமிழ்ப் புராட்டஸ்டண்ட் ஆண்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைக் கிடங்கு மேலாளர் ஒருவர் தன் ஊரிலிருந்து அந்த வழக்கத்தைக் கொண்டுவந்து இங்கே ஊன்றிவிட்டுப் போனார். அவர் போன பிறகும் பட்டையும் கொடியும் விதிகளும் அப்படியே நின்றன. ஆரஞ்சு நிறப் பட்டுப் பட்டை, அதற்கு வெள்ளிச் சரிகைக் குஞ்சம். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் அந்தப் பட்டையோடு வந்து பெட்டியைச் சுமப்பார்கள். சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது பெரிய தைரியம். கூடத்துக்குள் பேசியது எதையும் வெளியே சொல்லக் கூடாது, மனைவியிடம்கூட. இது முதல் சத்தியம். ரோமச் சபையின் வழிபாட்டில் தானும் தன் வீட்டாரும் பங்கு கொள்வதில்லை. இது இரண்டாவது.

இரண்டாவது சத்தியத்தோடு கொச்சியில் குடியிருப்பது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். மீன் கொண்டுவருபவள் கத்தோலிக்கப் பெண். படகோட்டி கத்தோலிக்கன். ஊசி போடுவது கன்னியாஸ்திரீ. கன்னியாஸ்திரீ கையால் ஊசி போட்டுக்கொள்வது வழிபாட்டில் சேருமா என்று ஒரு முறை சங்கத்தில் இரண்டு மணி நேரம் விவாதம் நடந்து, சேராது என்று தீர்மானம் போட்டார்கள். அது நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கிறது. வரலாற்றிலும் சேர்த்திருக்கிறேன்.

கூடம் பஜார் சாலையில், சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்கின் மேலே. பலகைத் தரை. பலகைகளின் இடுக்கு வழியாகச் சுக்குத் தூள் மேலே ஏறும். நீளமான ஜெபம் என்றால் நாம் தும்முவோம். கிழக்குச் சுவரில் கொடி தொங்கும். அதில் வெள்ளைக் குதிரை மேல் ஒருவர் ஆற்றைக் கடந்துகொண்டிருப்பார். யோர்தானைக் கடக்கும் யோசுவா என்றுதான் நமக்கெல்லாம் சொல்லித் தந்தார்கள். சொல்லித் தந்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

"யோசுவாவுக்கு ஏன் மாமா தொப்பி?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"வெயிலு கொஞ்சமா மக்களே? பாலைவனமில்லா," என்றார் வாசல் மாமா.

பின்னாளில் புத்தகங்கள் படித்தபோதுதான், அது கடல் தாண்டிய ஏதோ ஒரு நாட்டு அரசன், ஏதோ ஒரு ஆற்றங்கரையில் ஒரு கத்தோலிக்க அரசனோடு போட்ட சண்டை என்று தெரிந்தது. அந்தச் சண்டையின் நினைவுக்காகத்தான் நம் அப்பாக்கள் ஜூலை இரண்டாம் வாரம் ஊர்வலம் போனார்கள். அந்த நாட்டில் ஜூலை நல்ல வெயில் காலமாம். மட்டாஞ்சேரியில் ஜூலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டுகிற மழையில், ஒரு கையில் குடை, தோளில் பட்டை, முன்னால் கொடி. பட்டைச் சாயம் கரைந்து வெள்ளைச் சட்டையில் ஆரஞ்சாக வழியும். தெருப் பிள்ளைகள், "ஐஸ்மிட்டாயி! ஐஸ்மிட்டாயி!" என்று கூடவே ஓடி வருவார்கள். மாதத்தை மாற்றலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விதியில் ஜூலை என்று இருந்தது.

வாசல் மாமாவை மறந்திருக்க மாட்டீர்கள். கூட்டம் நடக்கும்போது கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில், கையில் மரவாளோடு உட்கார்ந்திருப்பவர். உள்ளே வருபவரிடம் அந்த அரையாண்டின் இரகசியச் சொல்லைக் கேட்டுத்தான் விடுவார். மற்ற நாட்களில் மிளகு சலிப்பவர். அவர் சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். மிளகு வாசனையோடு கடலை தின்று வளர்ந்தவர்கள் நாம்.

என் அப்பா தேயிலைக் கிடங்கில் பெட்டிகளுக்குக் குறி போடுபவர். தோட்டத்தின் பெயரும் போகும் துறைமுகமும் வெட்டிய தகட்டைப் பெட்டி மேல் வைத்து, கறுப்பு மையைத் தூரிகையால் தேய்ப்பார். விரல் நுனிகள் எப்போதும் கறுப்பு. உள்ளங்கை மட்டும் குழந்தைக் கை மாதிரி மெத்தென்று இருக்கும். அம்மா அதைச் சொல்லிக் கேலி செய்வாள். "வெளக்கமாறு தொட்டறியாத கை. ராசா கை."

அந்த ஆண்டு ஊர்வலத்தில் கொடியின் வலது கம்பைத் தூக்க அப்பாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதினொரு வருடம் காத்திருந்தது. கம்பின் அடியைத் தாங்க இடுப்பில் கட்டும் தோல்வாரையும், அதில் தைத்த பித்தளைக் குவளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதற்குப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் முகம் தெரியும்படி ஆக்கினார். துணி காயப்போடும் மூங்கிலை அதில் ஊன்றி, மாலைகளில் முற்றத்தில் நடந்து பழகுவார். நான் இடது கம்பு. என் உயரத்துக்கு ஒட்டடைக் குச்சி.

இதற்கு முன்னால், மே மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. பதினேழு நாள். அது என் நினைவில் இல்லை, அம்மா சுவரில் போட்ட கரிக்கோடுகளில் இருந்தது. டாக்டர் கையை விரித்த அன்று, பக்கத்து வீட்டுச் சேச்சி என் கட்டிலருகே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் தோப்பும்படி துறைமுகத்தில் மீன்பிடிப் படகில் போகிறவர்.

"கரயண்டா. வல்லார்பாடத்தம்மைக்கு முற்றமடிக்கான் நேர்ந்நோ. மோளு எழுந்நேற்று நடக்கும்."

அழாதே, வல்லார்பாடத்து மாதாவுக்கு முற்றம் பெருக்குவதாக நேர்ந்துகொள், மகள் எழுந்து நடப்பாள் என்று அர்த்தம். கடலில் போகிறவர்கள், பிள்ளை பிழைத்தவர்கள், சாதி மதம் பார்க்காமல் அந்தத் தீவுக்குப் படகேறிப் போய், கோயில் முற்றத்தை ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்கிவிட்டு வருவது இந்த ஊர் வழக்கம். அம்மா நேர்ந்துகொண்டாள். நான் எழுந்து நடந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, சீருடைத் துணி எடுக்க எறணாகுளம் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மா என்னைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனாள். எறணாகுளத்தில் இறங்கி வல்லார்பாடத்துப் படகில் மாறி ஏறினோம்.

"ஏட்டி, அப்பாகிட்ட மூச்சு விட்டே, தொலிய உரிச்சிருவேன்."

"பொய் சொல்லலாமாம்மா?"

"யாரு பொய் சொல்லச் சொன்னா? பேசாம இருன்னுதான சொல்லுதேன்."

முற்றம் ஈர மணல். மழை சற்று ஓய்ந்து, மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, குவியலிலிருந்து ஒரு விளக்குமாற்றை எடுத்துக் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள். எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு பெண்ணும் குனிந்து பெருக்கிக்கொண்டே வந்தாள். இரண்டு விளக்குமாறும் நடுவில் முட்டிக்கொண்டன. இருவரும் நிமிர்ந்தார்கள். எதிரில் நின்றது செயலாளர் அத்தை.

சங்கத்தின் செயலாளர் மாமாவை நினைவிருக்கும். கண்டிப்பு என்றால் அவர்தான். பக்கத்து வீட்டு நட்சத்திர விளக்கில் மாதா படம் இருந்தது என்று தன் வீட்டு ஜன்னலைப் பலகை அடித்து மூடியவர். அவருடைய மனைவி கையில் விளக்குமாறு.

அத்தை விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிறகு அத்தை சொன்னாள்: "அக்கா, நீங்க என்னையப் பாக்கல. நானும் உங்களைப் பாக்கல."

"நான் எங்க பாத்தேன்? எனக்குக் கண்ணே மங்கலு," என்றாள் அம்மா.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டுக்குள் முகத்தை மூடிக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார்கள். எதற்காக நேர்ந்தாய் என்று அம்மா கேட்கவில்லை. அத்தைக்கு மூன்று குழந்தைகள் பிறந்து தங்காமல் போனது ஊருக்கே தெரியும். நான்காவது வயிற்றில் இருந்தது. மிச்ச முற்றத்தை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் பெருக்கினார்கள்.

என்னால் எட்டு நாள்தான் பேசாமல் இருக்க முடிந்தது. அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறு பள்ளி முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது வாசல் மாமா கடலை தந்தார். நான் கடலையை வாங்கிக்கொண்டு, அம்மா வல்லார்பாடத்தில் முற்றம் பெருக்கியதைச் சொல்லிவிட்டேன். அத்தையைப் பற்றிச் சொல்லவில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. வாசல் மாமா படியைப் பார்த்தபடி இருந்தார்.

"இத வேற யாருட்டயாவது சொன்னியா மக்களே?"

"இல்ல."

"சொல்லாண்டாம். எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக்க."

மறுநாள் திங்கட்கிழமை மாலை, அப்பா சாப்பிட உட்கார்ந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்: "நம்ம சங்கத்து வீட்டு ஆள் யாரோ வல்லார்பாடத்துல முத்தம் பெருக்குனதாப் பேச்சு. துறைமுகத்துல வச்சுக் கேலி பண்ணுதானுவோ. இந்த ஜூலைக் கேள்வியில விட மாட்டேன்னு செயலாளர் நிக்காரு." இது கூடத்துக்குள் மட்டும் பேசியதில்லை, துறைமுகத்தில் எல்லாரும் பேசியது, அதனால் சொன்னார். அம்மாவின் கையிலிருந்த அகப்பை சட்டியில் விழுந்தது. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நேற்று நான் சொன்னேன், இன்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. வாசல் மாமாதான்.

ஜூலைக் கேள்வி என்பது ஊர்வலத்துக்கு முந்தைய சனிக்கிழமை நடக்கும். ஒவ்வொருவராக வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து நிற்க வேண்டும். "சகோதரரே, உம்மையும் உம் வீட்டாரையும் பற்றிச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டியது உண்டா?" என்று தலைவர் கேட்பார். "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். இந்த முறை வேறு யாரைப் பற்றித் தெரிந்தாலும் சொல்ல வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். பெயர் வந்த வீட்டுக்காரரின் பட்டை போகும். பெட்டி சுமக்க ஆள் வராது. அது எங்கள் வீடாக இருக்கலாம். செயலாளர் மாமா தேடிக்கொண்டிருந்தது தன் வீடாகவும் இருக்கலாம். அதை அவர் அறியவில்லை.

ஜூலைக் கேள்வி இருந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை மதியம், நல்ல மழையில், செயலாளர் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பாத்திரத்தில் அவல், வருவதற்கு ஒரு சாக்கு. சமையலறையில் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

"இத்தனை பேர் முன்னால அவங்களே என் பேரக் கேக்க வேண்டி வந்துட்டா, அவங்க தாங்க மாட்டாங்க அக்கா. என்னைய ஊருக்கு அனுப்பிருவாங்க. இந்தப் புள்ளையும் தங்காது."

"ஒண்ணும் ஆகாது. பேசாம இரு. எங்க வீட்டுல இருந்து உன் பேரு வராது."

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. அப்பா. கிடங்கில் மின்சாரம் போய்ச் சீக்கிரம் வந்துவிட்டார். ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார். எப்போது வந்தார், எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை. "சாயா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அத்தை பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். அன்று மாலை அப்பா கம்பு பழகவில்லை.

மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் வேலைக்குப் போனார். திரும்பும்போது தொப்பலாக நனைந்திருந்தார். வேட்டிக் கரையெல்லாம் மணல். "கப்பல் வந்திருக்கு, சுமடு அதிகம்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வேட்டியைத் தானே அலசிப் போட்டார். அன்று எனக்குப் பிடித்த கப்பைக் கிழங்கும் மீனும். அதனால் அந்தப் புதன்கிழமை எனக்கு மறக்கவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம். நான் கிடங்கு வாசலில் நின்றிருந்தேன். மேலே பலகை அதிரும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். அப்பாதான் முதலில் இறங்கி வந்தார். தோளில் பட்டை இல்லை. பின்னால் வாசல் மாமா இரண்டு படி இறங்கி நின்று, என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குற்றவாளிதான் முகத்தைத் திருப்புவான் என்று எனக்குப் பத்து வயதில் நன்றாகத் தெரியும்.

வீட்டில் அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "எம் பேரச் சொன்னீங்களா?"

"அங்க உன் பேரு வரல. வேற யாரு பேரும் வரல. இனிமேப்பட்டு இதக் கேக்காத. சத்தியம் பண்ணிருக்கேன்." தோல்வாரையும் பித்தளைக் குவளையையும் இன்னொரு முறை புளி போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றி, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்பா வாயைத் திறக்காமல் நின்றார், அதனால் பட்டையைப் பறித்தார்கள் என்று அம்மா புரிந்துகொண்டாள். சாகும்வரை அப்படித்தான் நம்பினாள்.

ஊர்வலத்தன்று நானும் அப்பாவும் முதல் முறையாகத் தெரு ஓரத்தில் நின்று பார்த்தோம். ஒரே குடை. அப்பா என் கையைப் பிடித்திருந்தார். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தேன். விரல்களின் அடியில் வரிசையாகக் கொப்புளம், உடைந்து தோல் உரிந்திருந்தது. மூங்கிலைத் தூக்கிப் பழகியதில் வந்தது, பாவம், வீணாகப் போயிற்றே என்று நினைத்தேன். கொடியிலிருந்த குதிரைக்காரர் மழையில் ஆடி ஆடிப் போனார். வலது கம்பைச் செயலாளர் மாமா பிடித்திருந்தார். எங்களைத் தாண்டும்போது அவர் நேராகப் பார்க்கவில்லை. குடை பிடிக்கவும் இல்லை.

"ஐஸ்மிட்டாயி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகு வாசல் மாமாவிடம் நான் கடலை வாங்கவில்லை. அவர் நீட்டுவார், நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். கொஞ்ச நாளில் நீட்டுவதை நிறுத்திவிட்டார்.

சங்கம் எண்பதுகளில் தேய்ந்தது. இளையவர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். போகாதவர்களுக்கு மழையில் நடக்க வெட்கம். எண்பதுகளின் நடுவில் அப்பா இறந்தார். நுரையீரல். விதிப்படி பட்டைக்காரர்கள் யாரும் வரவில்லை. தோப்பும்படியிலிருந்து சேச்சியின் வீட்டுக்காரரும் அவருடைய படகுக்காரர்களும் வந்து பெட்டியைச் சுமந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாயிலில் வாசல் மாமா நின்றிருந்தார். பட்டை போடாமல், வெள்ளை வேட்டி சட்டையில், தோள் கொடுக்க முன்னால் வந்தார். எனக்கு அப்போது கல்லூரி வயது. வாய் நீளம்.

"நீங்க தொட வேண்டாம் மாமா. உங்க வாய்தான் எங்க அப்பாவ வெளிய தள்ளிச்சு."

எல்லாருக்கும் கேட்டது. அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது.

"சரி மக்களே," என்றார்.

அடக்கம் முடிந்து நாங்கள் வெளியே வரும்வரை, வாயிலுக்கு வெளியே, மடக்கிய குடையை வாள் போலப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். அவருக்குத் தெரிந்த வேலை அது. இரண்டு வருடத்தில் அவரும் போனார். நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். வரவில்லை.

போன ஆண்டு செயலாளர் மாமாவின் மகன் நடவடிக்கைப் புத்தகங்களை என்னிடம் கொண்டுவந்து தந்தான். ஆமாம், அன்று வயிற்றில் இருந்தவன். தங்கிவிட்டவன். அவனுக்கும் இப்போது நரை.

புத்தகத்தில் அந்த ஜூன் மாதத்தை எடுத்தேன். துறைமுகத்துப் பேச்சு கூட்டத்தில் பதிவாகியிருக்கும் நாள் சனிக்கிழமை. கத்தோலிக்கச் சுமட்டுக்காரன் ஒருவன், "நிங்ஙடெ ஆள்க்காரும் மாதாவினெ காணான் வருந்நுண்டல்லோ," உங்கள் ஆட்களும் மாதாவைப் பார்க்க வருகிறார்களே என்று கேலி செய்ததாக ஒரு சகோதரர் சொல்லியிருக்கிறார். நான் வாசல் மாமாவிடம் சொன்னது அதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நான் வாய் திறப்பதற்கு முன்பே பேச்சு கூடத்துக்கு வந்துவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கல்லறை வாயிலில் அதை அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் கூடத்துக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். சத்தியம்.

ஜூலைக் கேள்வியின் பக்கம் செயலாளர் மாமாவின் கையெழுத்தில் இருக்கிறது. உள்ளபடி எழுதுகிறேன்.

"சகோதரர் வேதத்தின் மேல் கை வைத்து, உண்டு என்றார். புதன்கிழமை தாம் வல்லார்பாடத்துக்குப் போய்க் காலை முதல் மாலைப் படகு வரை முற்றம் பெருக்கியதாகச் சொன்னார். காரணம் கேட்கப்பட்டது. மகள் பிழைத்தாள் என்றார். நம் வீட்டார் வேறு எவரையேனும் அங்கே கண்டீரா என்று கேட்கப்பட்டது. அன்று நான் ஒருவரையும் காணவில்லை என்றார். எந்தப் புதன்கிழமை என்று எவரும் கேட்கவில்லை. பேச்சுக்கு உரியவர் கிடைத்துவிட்டபடியால் விசாரணை இத்துடன் முடிந்தது."

முதலில் வாசித்தபோது நான் செய்ததை ஒப்புக்கொள்கிறேன். பென்சிலை எடுத்து ஓரத்தில், "சனிக்கிழமை? எழுதியவர் பிழை" என்று குறித்தேன். நாங்கள் போனது சனிக்கிழமை. எனக்குத் தெரியும். அப்பா அம்மாவின் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார், பாவம், கிழமையைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் வேதத்தின் மேல் கை வைத்து அப்பா பொய் சொல்வாரா? அது இடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, தண்ணீரில் என் உள்ளங்கையைப் பார்த்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சமையலறைப் பேச்சைக் கேட்டவர், புதன்கிழமை படகேறிப் போய், நாள் முழுவதும் மழையில் உண்மையாகவே பெருக்கினார். விளக்குமாறு தொட்டறியாத கையால். அன்று அங்கே நம் வீட்டார் ஒருவரும் இல்லை. அதை உண்மையாகச் சொல்வதற்காகத்தான் வேறொரு நாள் போனார். வேட்டியில் மணல் அதனால்தான். கொப்புளம் மூங்கிலால் வந்ததில்லை.

எந்தப் புதன்கிழமை என்று எவரும் கேட்கவில்லை. இந்த வாக்கியத்தை நான் பலமுறை வாசித்தேன். கேட்கப்படாத கேள்வியை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதும் வழக்கம் எந்தச் செயலாளருக்கும் இல்லை. பேச்சு ஜூனில் வந்தது, பெருக்கியது ஜூலையில். அந்தக் கணக்கு அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. ஊர்வலத்தில் குடை பிடிக்காமல் நடந்தவர் என்ன தெரிந்துகொண்டு நடந்தார் என்பதற்கு இரண்டாவது சாட்சி இல்லை. ஆகவே அதை வரலாற்றில் எழுதவில்லை.

பென்சில் குறியை அழித்துவிட்டேன். புதன்கிழமை என்றே அச்சாகும்.

சென்ற மாதம், அதுவும் ஒரு புதன்கிழமை, பேருந்தில் வல்லார்பாடம் போனேன். இப்போது படகு வேண்டாம். பாலத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. முற்றத்தில் ஒரு விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினேன். பத்து நிமிடத்தில் கை எரிந்தது. பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த இளம்பெண், "நேர்ச்சயாணோ அம்மே?" என்று கேட்டாள். நேர்த்திக்கடனா என்கிறாள்.

"இல்ல மோளே. ஒரு கிழமையைச் சரி பார்க்க வந்தேன்," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துபோனாள்.

மாலை வரை முடியவில்லை. முடிந்த மட்டும் பெருக்கினேன். பிறகு வாயிலைத் தாண்டி, வெளியேயும் கொஞ்சம் பெருக்கினேன். ஒருவர் நிற்கும் அளவுக்கு.